இறுகிப்போன பொருளை இளக்குவது எப்படி?

கத்தரிக்கோல் திறக்க மறுக்கிறது. மருந்துப் பம்பின் மூடி சுழலவில்லை. ஜன்னல் கீல் பாதியில் நின்றுவிடுகிறது. உடனே நம் கை சுத்தியலைத் தேடுகிறது. ஓங்கி அடித்தால் பெரும்பாலும் பொருள்தான் உடையும். இறுகியிருப்பது இரும்பா, பிளாஸ்டிக்கா? இறுக்கியது துருவா, அழுக்கா? இவ்விரண்டையும் முதலில் பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில் இரும்பைப் பார்ப்போம். இரும்பு, ஈரத்தோடும் காற்றிலுள்ள பிராணவாயுவோடும் சேர்ந்து துருவாகிறது. துரு, தான் உண்டான இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆகவே நட்டுக்கும் போல்ட்டுக்கும் இடையே ஆப்பு அடித்தாற்போல் ஆகிவிடுகிறது. உப்பும் உரமும் பட்டால் துரு இன்னும் விரைவாக ஏறும்.

இதற்கு வைத்தியம் பொறுமை. கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்து உதிர்க்க வேண்டும். பிறகு மண்ணெண்ணெயோ, துருவிளக்கும் எண்ணெயோ சில சொட்டுகள் விட்டு, ஓர் இரவு ஊறவிட வேண்டும். அடுப்பும் விளக்கும் அருகில் இருக்கக்கூடாது. காலையில் மெல்லத் தட்டி, முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாக அசைக்க வேண்டும். இளகியதும் பழைய எண்ணெயைத் துடைத்துவிட்டு, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் போதும். சமையல் எண்ணெய் வேண்டாம். அது நாளடைவில் பிசினாகித் தூசியைப் பிடித்துக்கொள்ளும்.

பிளாஸ்டிக்கின் குணம் வேறு. அதற்குத் துரு கிடையாது. அதை இறுக்குவது காய்ந்த அழுக்கும் மருந்துப் படிவும்தான். மண்ணெண்ணெயும் பெட்ரோலும் பட்டால் சிலவகைப் பிளாஸ்டிக் வெடித்துப்போகும். நாம் பால் வெட்டும் மரத்திலிருந்து கிடைக்கும் ரப்பரும் மண்ணெண்ணெயில் ஊறினால் உப்பிப் பெருத்துவிடும். ஆகவே பம்பின் மூடிக்கும் ரப்பர் வாசருக்கும் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரே ஏற்றது. கொதிநீர் கூடாது. கழுவி உலர்த்தியபின் சிலிக்கோன் கிரீஸ் சிறிது தடவலாம்.

பம்பைத் தொடுமுன் மருந்தைக் காலி செய்து, கையுறை அணிய வேண்டும். அடைத்துக்கொண்ட பீச்சுக்குழல் முனையை வாயால் ஊதவே கூடாது. மருந்து வாய்க்குள் போய்விடும். தண்ணீரில் ஊறவைத்து, மென்மையான தூரிகையால் துடைத்தால் அடைப்பு நீங்கும்.

இனி ஜன்னல். 1924-ல் திறந்துவைக்கப்பட்ட ஜொகூர் பாலத்தைக் கடந்தால் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ். அங்கே மக்கள் பெரும்பாலும் அடுக்குமாடி வீடுகளில் வாழ்கிறார்கள். கருவி கெட்டால் நமக்கு ஒருநாள் வேலை கெடும்; மாடியிலிருந்து ஜன்னல் விழுந்தால் கீழே போகிறவரின் உயிரே போகும். வெளிப்புறம் திறக்கும் ஜன்னலைத் தாங்குவது சிறிய ரிவெட்டுகள். அலுமினிய ரிவெட்டு நாளடைவில் அரித்து வலுவிழக்கும். எனவே அவற்றை மாற்றித் துருப்பிடிக்காத எஃகு ரிவெட்டு பொருத்த வேண்டும் என்பது அங்கே 2004 முதல் சட்டம். பராமரிக்காமல் விட்ட ஜன்னல் விழுந்தால் 10,000 வெள்ளி வரை அபராதமும், ஓராண்டு வரை சிறையும் உண்டு.

ஆண்டுக்கு இரண்டு முறையாவது ஜன்னல்களைச் சோதித்து, மூட்டுகளைச் சுத்தம் செய்து எண்ணெய் விடும்படி அங்குள்ள அதிகாரிகள் அறிவுறுத்துகிறார்கள். இறுகிய கீலை இழுத்து அடித்தால், அந்தச் சுமை முழுவதும் ரிவெட்டின்மேல் ஏறும். உட்புறம் நின்று எட்டுகிற வரையில்தான் நாம் துடைக்கலாம். வெளியே சாய்ந்து பழுது பார்க்கக்கூடாது. ரிவெட்டு ஆடினால் ஜன்னலை மூடிவைத்துவிட்டு, உரிமம் பெற்ற வேலைக்காரரை அழைப்பதே முறை.

வேலை முடிந்ததும் துடைத்து, உலர்த்தி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு வைத்த கருவி எளிதில் இறுகாது. இந்த வழக்கத்தை வீட்டுப் பிள்ளைகளுக்கும் நாம் பழக்குவோம்.