படச் சுருக்கம்

சென்னைக்கு மேற்கே, பூந்தமல்லிக்கு அருகில் பரந்து கிடப்பது செம்பரம்பாக்கம் ஏரி. மாநகருக்குக் குடிநீர் வழங்கும் ஏரிகளுள் இஃதும் ஒன்று. இதன் முழு ஆழம் 24 அடி. கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. ஏரி நிரம்பினால் மிகுநீர் அடையாற்றின் வழியே கடலை அடையும். ஆதலால், மழைக்காலத்தில் நீர்மட்டம் ஓரடி உயர்வதும் பெருஞ்செய்தியே. 2015ஆம் ஆண்டு டிசம்பரில் அடையாற்றங்கரை மக்கள் வெள்ளத்தால் உற்ற துன்பம் இதனை நன்கு உணர்த்தும்.

இவ்வேரியின் நீர்மட்ட அளவுகோலை ஒருவர் படம் எடுத்து, தொலைவில் உள்ளவருக்கு அனுப்புகிறார் எனக் கொள்க. படத்தின் அகலம் 4,000 புள்ளிகள். உயரம் 3,000 புள்ளிகள். ஆகவே, மொத்தம் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். ஒரு புள்ளியின் நிறத்தைக் குறிக்க 3 பைட் வேண்டும். எனவே, படம் முழுவதற்கும் 3 கோடியே 60 லட்சம் பைட் தேவை. இதனை விரைவாக அனுப்பச் சுருக்குதல் இன்றியமையாதது.

சுருக்கும் முறைகள் இருவகைப்படும். ஒன்று இழப்பில்லாதது. ஒரே நிறம் ஆயிரம் புள்ளிகளில் தொடர்ந்தால், அதனை ஆயிரம் முறை எழுதாமல், 'இந்நிறம் ஆயிரம் முறை' என்று குறிப்பதைப் போன்றது இது. 1996இல் வெளிவந்த பிஎன்ஜி இவ்வகையினது. இதில் சுருக்க எண்ணைக் கூட்டினால் கணினியின் உழைப்பு மிகும். படத்தின் தரம் குன்றாது.

மற்றொன்று இழப்புள்ளது. 1992இல் தரப்படுத்தப்பெற்ற ஜேபெக் இவ்வகையினது. இது படத்தை 64 புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண்மாற்றங்களை விலக்குகிறது. இதற்கு அடிப்படையான கணித முறையை, பெங்களூரில் பிறந்த நசீர் அகமது என்பார், நடராசன், கே. ஆர். ராவ் ஆகியோருடன் சேர்ந்து 1974இல் வெளியிட்டார்.

ஜேபெக்கின் தர எண் பெரும்பாலும் 1 முதல் 100 வரை அமையும். இயற்கைக் காட்சிகளுக்கு 80 முதல் 90 வரை பொதுவாகப் போதுமானது. எண் மிகக் குறைந்தால், கூரிய விளிம்புகளே முதலில் கெடும். வானமும் நீரும் அழகாகவே தோன்றும். அளவுகோலின் எழுத்தோ கலங்கிவிடும். அவ்வெண் 21ஆ, 24ஆ என்று தெரியாத படத்தால் யாது பயன்? எனவே, சுருக்கிய படத்தை முழு அளவில் நோக்கி, வேண்டிய செய்தி தெளிவாக உள்ளதா என ஆராய்ந்த பின்னரே அனுப்புதல் வேண்டும். வரைபடம், எழுத்து முதலியவற்றுக்குப் பிஎன்ஜியே ஏற்றது.

கெட்ட ஜேபெக் படத்தைப் பிஎன்ஜியாக மாற்றினால் தெளிவு மீளுமோ? மீளாது, கோப்பின் அளவே பெருகும். கடலில் கலந்த நீர் ஏரிக்குத் திரும்பாதது போல, ஒருமுறை விலக்கப்பட்ட நுட்பமும் திரும்புவதில்லை. ஜேபெக் படத்தைத் திருத்தித் திருத்திச் சேமிக்குந்தோறும் இழப்பு மேலும் நேரக்கூடும். ஆதலின், மூலப் படத்தை மாற்றாது பாதுகாத்து, வேண்டும்போதெல்லாம் அதிலிருந்தே புதிய படி எடுத்தல் அறிவுடைமையாகும்.