மரம் விரியும், சுருங்கும்: வீட்டுத் தச்சுக்கு முதல் பாடம்

ஐப்பசி மழை பிடித்ததும் கதவு நிலையில் இறுகிக்கொள்கிறது. தச்சரை அழைத்து ஓரத்தை இழைக்கிறோம். சித்திரை வந்ததும் அதே கதவுக்கும் நிலைக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறது. தமிழ்நாட்டு வீடுகளில் இது ஆண்டுதோறும் நடப்பதுதான். பழியை மரக்கடைக்காரர் மேலோ தச்சர் மேலோ போட்டுவிடுகிறோம். பல சமயம் இருவருமே அதற்குக் காரணமில்லை. சொந்தமாக ஒரு மேசையோ அலமாரியோ செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்கள் எந்த டிரில் வாங்கலாம், எந்தப் பசை நல்லது, எத்தனை அங்குலத் திருகாணி போடலாம் என்றுதான் முதலில் விசாரிக்கிறார்கள். அதற்கெல்லாம் முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது, மரம் எந்தத் திசையில் அசையும், எந்தத் திசையில் அசையாது என்பது. தச்சில் இணைப்பு என்பது பலத்துக்காக மட்டும் செய்வது அல்ல. எங்கே மரத்தைப் பிடித்து நிறுத்துவது, எங்கே அதற்கு வழிவிடுவது என்ற முடிவு ஒவ்வோர் இணைப்பிலும் அடங்கியிருக்கிறது.

மரம் நெடுக்காக ஓடும் நுண்ணிய குழல்களால் ஆனது. வெட்டிய மரத்தில் குழல்களின் உள்ளே நிற்கும் நீர் முதலில் வெளியேறும். அதுவரை பலகையின் அளவு மாறுவதில்லை. உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழ 30 சதவீதத்துக்குக் கீழே ஈரம் இறங்கும்போதுதான் குழல்களின் சுவரில் ஊறியிருந்த நீர் கழியத் தொடங்குகிறது. சுவர் மெலிகிறது, பலகையும் சுருங்குகிறது. அந்தச் சுவர்களில் செல்லுலோஸ் இழைகள் பெரும்பாலும் நீளவாக்கில் படிந்திருக்கின்றன. நீர் இழைகளுக்கு இடையே புகுந்து அவற்றை விலக்குமே தவிர, நீட்டாது. ஆகவே நீளத்தில் மாற்றம் மிகச் சொற்பம்: பச்சை மரம் முழுக்கக் காய்ந்தாலும் 0.1 அல்லது 0.2 சதவீதம். குறுக்குவாட்டிலோ கதை வேறு. தேக்கு, ஆண்டு வளையத்தின் போக்கில் 5.8 சதவீதமும், நடுத்தண்டிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் 2.5 சதவீதமும் சுருங்குகிறது. இத்தனைக்கும் தேக்கு, குறைவாக அசையும் மரங்களில் ஒன்று.

காய்ந்த பிறகாவது அடங்குமா என்றால், இல்லை. சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதத்துக்கு ஏற்பப் பலகை ஈரத்தை வாங்கிக்கொண்டும் விட்டுக்கொண்டும் இருக்கும். 30 டிகிரி வெப்பத்தில் காற்றின் ஈரப்பதம் 50 சதவீதமாக இருந்தால் மரம் ஏறத்தாழ 9 சதவீத ஈரத்தில் நிலைகொள்ளும். 80 சதவீதமானால் 15-ஐத் தாண்டும். இந்த 6 சதவீத வித்தியாசத்தில், 40 செ.மீ. அகலமுள்ள சாதாரண அறுப்புத் தேக்குப் பலகை நாலரை மி.மீ. விரியும். வளையங்கள் செங்குத்தாக நிற்கும்படி அறுத்த பலகை அதில் பாதியளவே விரியும். பலகையின் முனையில் வளையங்கள் தெரியும் குறுக்குமுகத்தைப் பார்த்து மரம் வாங்கச் சொல்வது இதனால்தான். இதே ஈர மாற்றத்தில் 2 மீட்டர் உயரச் சட்டம் நீளத்தில் 1 மி.மீ. கூட மாறாது. நாலரை மி.மீ. அற்பமாகத் தோன்றலாம். ஆனால் நாலு பக்கமும் பசை போட்டு இறுக்கிய பலகை, விரிய இடமில்லாதபோது சட்டத்தை நெம்பும். சுருங்க இடமில்லாதபோது தானே பிளந்துகொள்ளும்.

சட்டமும் பலகையுமாகச் செய்யும் கதவு இந்தச் சிக்கலுக்குக் கிடைத்த மிக நல்ல விடை. 90 செ.மீ. அகலக் கதவை வெறும் பலகைகளைப் பக்கம் பக்கமாக ஒட்டிச் செய்தால், மேலே சொன்ன ஈர மாற்றத்தில் அது 1 செ.மீ. விரியும், எந்த நிலையும் அதற்கு இடம் கொடுக்காது. சட்டக் கதவிலோ குறுக்குச் சட்டங்களின் நாரோட்டம் கதவின் அகலத்தோடு ஓடுவதால் அவை நீளுவதில்லை. அகலத்தில் அசைவது இரண்டு பக்கத்து நெடுஞ்சட்டங்கள் மட்டுமே. ஒவ்வொன்றும் 10 செ.மீ. என்றால் கதவு மொத்தமாக 2 மி.மீ.க்குச் சற்று மேல்தான் விரியும். நடுப்பலகை எவ்வளவு விரிந்தாலும் சட்டத்தில் எடுத்த காடிக்குள்ளேயே அது நடந்து முடிந்துவிடும். இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: பலகைக்குப் பசையோ ஆணியோ போடக்கூடாது. 12 மி.மீ. ஆழக் காடியில் பலகையை 9 மி.மீ. மட்டும் நுழைத்துப் பக்கத்துக்கு 3 மி.மீ. விட்டால் 40 செ.மீ. பலகைக்குப் போதும். மழைக்காலத்தில் செய்கிறீர்கள் என்றால் பலகை ஏற்கெனவே விரிந்திருக்கும், இடைவெளியைக் குறைக்கலாம். கோடையில் செய்தால் குறைக்காதீர்கள். வார்னிஷை, பலகையைக் காடியில் செருகும் முன்பே பூசிவிடுவது நல்லது. இல்லையென்றால் பலகை சுருங்கும்போது ஓரத்தில் பூசாத வெள்ளைக் கோடு தெரியும்.

சட்டங்களை ஒன்றோடொன்று பிணைக்க, ஒன்றின் முனையை நாக்காகச் செதுக்கி மற்றதில் குடைந்த துளைக்குள் செருகுவார்கள். ஜெர்மனியின் லைப்சிக் நகருக்கு அருகே அகழ்ந்தெடுத்த கிணறுகளின் ஓக் மரக்கட்டைகள் 7,000 ஆண்டுகளுக்கு முன் வெட்டப்பட்டவை என்பது வளையக் கணக்கில் உறுதியாகி, 2012-இல் ஆய்வாக வெளிவந்தது. உலோகமே அறியாத அந்த மக்கள் கல் ஆயுதங்களைக் கொண்டு இதே நாக்கும் துளையும் செய்திருக்கிறார்கள். நாக்கின் கனம் சட்டத்தின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு இருக்க வேண்டும் என்ற பொதுவிதி இன்றைக்கும் பொருந்தும். அதைவிட அதிகம் பேர் தவறவிடுவது நாக்கின் அகலத்தை. துளை குடைந்த சட்டம் நீளவாக்கில் மாறாது. அதற்குள் போகும் நாக்கோ அகலவாக்கில் மாறும். 5 செ.மீ. அகல நாக்கில் இந்த முரண் பொருட்டில்லை. கதவின் அடிச்சட்டம் போல 20 செ.மீ. அகலம் இருந்தால் ஒரே அகல நாக்கு நாளடைவில் பசையை விட்டுத் தளரும், அல்லது வெடிக்கும். அடிச்சட்டத்தில் நல்ல தச்சர்கள் நடுவே இடம் விட்டு இரண்டு நாக்குகள் எடுப்பது அதனால்தான். மேசை இழுப்பறையின் மூலையில் செய்யும் புறாவால் இணைப்பில் இந்தத் தகராறே கிடையாது. சேரும் இரண்டு பலகைகளின் நாரோட்டமும் ஒரே சுற்றாகப் போவதால் இரண்டும் உயரத்தில் சேர்ந்தே விரிந்து சேர்ந்தே சுருங்கும்.

நாலு கோட்டு வார்னிஷ் அடித்தால் ஈரம் எப்படிப் போகும் என்று கேட்பவர்கள் உண்டு. பூச்சு ஈரத்தைத் தாமதப்படுத்தும், தடுக்காது. ஒரு நாள் மழையை அது தாங்கிக்கொள்ளும். இரண்டு மாத மழைக்காலத்தைத் தாங்காது. மேல்பக்கம் மட்டும் பூசி அடிப்பக்கத்தை வெறுமையாக விட்டால் ஒரு முகம் வேகமாகவும் மறுமுகம் மெதுவாகவும் ஈரம் வாங்கிப் பலகை வளைந்துவிடும். கதவின் மேல்விளிம்பும் அடிவிளிம்பும் பூச்சில்லாமல் விடப்படுவது பல வீடுகளில் காணும் குறை. நெடுஞ்சட்டங்களின் குறுக்குமுகம் அங்கேதான் இருக்கிறது, ஈரத்தை அதிகம் குடிப்பதும் அதுதான். மழையில் இறுகிய கதவை அப்போதே இழைக்காமல், உரசும் இடத்தைப் பென்சிலால் குறித்துவைத்துத் தை மாதம் வரை பொறுத்துப் பாருங்கள். அப்போதும் உரசினால் இழைத்து, அந்த விளிம்புக்கும் பூச்சு கொடுங்கள். பழைய பர்மா தேக்கு அசையாது என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. காரைக்குடியில் விற்கும் பழைய வீட்டு மரம் பெரும்பாலும் நன்றாக முற்றியது, நன்றாகக் காய்ந்தது, புதிதாக முறுக்கிக்கொள்ளாது. ஆனால் வயதாகிவிட்டதால் மட்டும் எந்த மரமும் காற்றின் ஈரத்தை வாங்குவதை நிறுத்திவிடாது.

இதைவிட வலுவான மறுப்பு பிளைவுட். மெல்லிய ஏடுகளை ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டியிருப்பதால், ஒரு ஏடு விரியப் பார்க்கும் திசையில் அடுத்த ஏட்டின் நாரோட்டம் அதைப் பிடித்துக்கொள்கிறது. அலமாரியின் கூடு போன்ற அகலமான வேலைகளுக்குப் பிளைவுட்தான் புத்திசாலித்தனம். சமையலறைத் தொட்டியை ஒட்டிய இடம் என்றால் ஐஎஸ் 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட். ஆனாலும் மரத்தின் இயல்பை மறந்துவிட இது அனுமதி தராது. புத்தகத் தட்டின் முன்விளிம்பில் ஒட்டும் தேக்கு ரீப்பர் நீளவாக்கில் மாறாததால் பிளைவுட்டோடு ஒத்துப்போகும், தட்டு தொய்யாமலும் தாங்கும். அழகுக்காக அகலமான தேக்குப் பலகையைப் பிளைவுட் மேல் முழுவதும் பசை போட்டு ஒட்டினால், இரண்டில் ஒன்று விரிசல் விடும். ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசைக்கும் இந்தக் கணக்கு உண்டு. நார் பக்கத்தோடு நார் பக்கம் ஒட்டினால் பசை விடுவதற்கு முன் மரமே உடையும். குறுக்குமுகம் பசையை உறிஞ்சிவிடுவதால் அங்கே பிடிப்பு நிற்காது. நாக்கைத் துளையில் செருகும்போது நாக்கின் கன்னங்களில் நார் பக்கம் கிடைக்கிறது. நவீனப் பசை வந்த பிறகும் இணைப்பு தேவைப்படுவதற்கு இதுவே காரணம்.

துளையும் நாக்கும் பழக்கமில்லாத கைக்கு வராது என்பது ஓரளவு உண்மை. ஆனால் கடினம் வெட்டுவதில் இல்லை, குறிப்பதில்தான். முதலில் துளையைக் குடைந்து, அந்த அளவிலிருந்தே நாக்குக்குக் கீறல் போட வேண்டும்; கத்திக் கீறலில் உளி தானாக அமரும். ஒரு 12 மி.மீ. உளி, நுண்பல் ரம்பம், மூலைமட்டம், இழைப்புளி இருந்தால் தொடங்கிவிடலாம். அதுவும் முடியாதென்றால் இரண்டு கட்டைகளிலும் பாதிக் கனம் எடுத்து ஒன்றன்மேல் ஒன்று படியவைக்கும் இணைப்பு இருக்கிறது. ஒரு சிறு முக்காலிக்கு அது தாராளம். தவிர்க்கவே கூடாதது பொறுமை. கடையிலிருந்து வந்த மரத்தை அன்றே அறுக்காமல், பொருள் இருக்கப்போகும் அறையிலேயே இடையிடையே ரீப்பர் வைத்து, காற்றுப் புகும்படி சில வாரம் அடுக்கிவையுங்கள். ஒரு துண்டை வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். எடை இறங்குவது நின்றால் மரம் வேலைக்குத் தயார்.

சொந்தமாகச் செய்யாமல் தச்சரிடம் கொடுப்பவர்களும் ஒன்றைக் கேட்டுவிடலாம்: மேசையின் மேல்பலகையைச் சட்டத்தோடு எப்படிப் பிணைக்கப் போகிறீர்கள்? நடுவில் மட்டும் இறுக்கி, இரு ஓரங்களிலும் திருகாணித் துளையைப் பலகையின் அகலத் திசையில் நீளமாக எடுக்கச் சொல்லுங்கள். சுற்றிலும் பசை போட்டு ஆணி அடிப்பேன் என்றால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.