ஆலை மூடினாலும் கைத்தொழில் மூடாது!

சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்தில் ஆலைச் சம்பளத்தில் அடுப்பு எரியும் குடும்பங்கள் ஏராளம். ஓர் ஆலையில் சேர்ந்தால் அங்கேயே வேலை பார்த்து ஓய்வு பெறலாம் என்பது பழைய கணக்கு. இப்போது அது பலிப்பதில்லை.

அம்பத்தூரில் 1959-ல் டன்லப் டயர் ஆலை தொடங்கியது. பின்னாளில் அது மூடியது, திறந்தது, மறுபடியும் மூடியது. இன்று பேருந்து நிறுத்தத்துக்குத்தான் 'டன்லப்' என்ற பெயர் மிச்சம்.

8 ஆயிரம் பேர்

பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூர்ச் சாலையில் போனால் ஸ்ரீபெரும்புதூர். அங்கே 2006-ல் நோக்கியா செல்போன் ஆலை வந்தது. நல்ல காலத்தில் சுமார் 8 ஆயிரம் பேர் வேலை பார்த்தார்கள். பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு வந்த இளம்பெண்கள் அதில் மிகப் பலர். 2014 நவம்பர் 1-ந் தேதி உற்பத்தி நின்றது. தொழிலாளர் மீது குற்றமில்லை. வரித் தகராறும், செல்போன் வியாபாரம் வேறு கம்பெனிக்குக் கைமாறியதும் சேர்ந்து ஆலையை மூட வைத்தன.

இதில் ஒரு பாடம் உண்டு. ஒரே இடத்தில் உட்கார்ந்து ஒரே பாகத்தைப் பொருத்திப் பழகியவரிடம், "உங்களுக்கு என்ன தொழில் தெரியும்?" என்று கேட்டால் திணறிப் போவார்.

சர்க்கார் வேலையிலும் மாறுதல் உண்டு. ஆவடித் தொழிற்சாலையிலிருந்து முதல் 'விஜயந்தா' டாங்கி 1965-ல் வெளிவந்தது. அரசு இலாகாவின் கீழ் இருந்த அந்தத் தொழிற்சாலை, 2021 அக்டோபரில் அரசுக் கம்பெனி ஒன்றின் கீழ் வந்துவிட்டது.

கை கொடுப்பது எது?

அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964-ல் உருவானது. ஆயிரம் ஏக்கருக்கு மேல் பரப்பு, தெருவெல்லாம் பட்டறைகள். லேத்து ஓட்டத் தெரிந்தவர் ஒரு பட்டறை மூடினால் அடுத்த தெருவில் வேலை கேட்கலாம். துணிந்தவர் சொந்த லேத்து வாங்கி, பெரிய கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்யலாம். ஆனால், பழைய லேத்து மட்டும் தெரிந்தால் இன்று போதாது. கம்ப்யூட்டர் சொல்படி ஓடும் சி.என்.சி. எந்திரங்கள் வந்துவிட்டன.

நீங்கள் செய்ய வேண்டியது

முதலாவது, ஒரு தொழிலை முறையாகக் கற்றுச் சான்றிதழ் பெறுங்கள். அம்பத்தூரிலேயே அரசினர் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. பெண்களுக்குத் தனி நிலையமும் உண்டு. வெல்டருக்கு ஓராண்டு, பிட்டருக்கும் டர்னருக்கும் ஈராண்டு படிப்பு. பிறகு அப்ரண்டிசாகச் சேர்ந்தால் உதவித்தொகையோடு பழகலாம்.

இரண்டாவது, வேலையில் இருக்கும்போதே பக்கத்து எந்திரத்தையும் பழகுங்கள். மேஸ்திரியிடம் கேட்க வெட்கம் வேண்டாம்.

மூன்றாவது, நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, அனுபவச் சான்று ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். பிராவிடண்டு பண்டுக்கு உள்ள 12 இலக்க எண்ணைக் குறித்து வையுங்கள். கம்பெனி மாறினாலும் அந்த எண் மாறாது.

நான்காவது, சம்பளத்தில் ஒரு பகுதியை மாதந்தோறும் ஒதுக்கி வையுங்கள். மூன்று மாதச் சாப்பாட்டுக்குப் பணம் இருந்தால், அவசரப்பட்டுக் கிடைத்த வேலையில் விழ வேண்டாம்.

பட்டறை வைக்க நினைப்பவர்கள், சிறுதொழிலாகப் பதிவு செய்யக் கட்டணம் கிடையாது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். பதிந்து தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். கடன் திட்டங்களைப் பற்றி மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் கேளுங்கள்.

ஆலையின் கதவைத் திறப்பதும் மூடுவதும் முதலாளி கையில். நீங்கள் கற்ற தொழிலோ உங்கள் கையில். இந்த ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு உட்கார்ந்து, அடுத்து எதைக் கற்பது என்று பேசி முடிவு செய்யுங்கள்!