அந்தக் கறுப்பு மூடியைத் தூக்கிப் போடாதீர்கள்

"பின் வளைஞ்சிருக்காம் சார். வாரண்டி கிடையாதுன்னுட்டாங்க."

கம்ப்யூட்டர் விவகாரம் என்று என்னைத் தேடி வருகிறவர்கள் பலரும் இந்த வாக்கியத்தோடுதான் வருகிறார்கள். கடைசியாக வந்தவர் டிடிபி கடைக்காரர். சென்னை ரிச்சி தெருவில் போர்டு, பிராசசர், ரேம் எல்லாம் தனித்தனியாக வாங்கி, பஸ்ஸில் ஊருக்குக் கொண்டுவந்து, தெரிந்த பையனை வைத்து அசெம்பிள் செய்தார். திரையில் எதுவும் வரவில்லை. போர்டோடு மறுபடி சென்னைக்குப் போனார். கடைக்காரர் சர்வீஸ் சென்டரைக் கைகாட்டினார். அங்கே ஒருவர் லென்ஸ் வைத்துப் பார்த்து, 'பிசிக்கல் டேமேஜ்' என்று இரண்டு வார்த்தை எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார். பதினான்காயிரம் ரூபாய் போர்டு. பின்னை வளைத்தது தொழிற்சாலையா, கடையா, பஸ் பயணமா, பையனா, சர்வீஸ் சென்டரேதானா? யாருக்கும் தெரியாது. தெரியாத பழி வாங்கினவர் தலையில்தான் விழும்.

"கடையிலேயே பெட்டியைப் பிரிச்சுப் பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல சார். சீல் உடைச்சா மாத்தித் தர மாட்டாங்கன்னு அப்படியே கொண்டாந்துட்டேன்."

அவர் தோற்றது அந்த இடத்தில்தான். முன்பு பிராசசரையும் போர்டையும் இணைக்கும் பின்கள் பிராசசரின் அடியில் இருந்தன. இன்டெல் அவற்றை 2004-இலேயே போர்டுக்கு மாற்றிவிட்டது. ஏஎம்டியின் வீட்டு உபயோக பிராசசர்கள் 2022-இல் ஏஎம்5 சாக்கெட்டோடு அதே வழிக்கு வந்தன. இன்டெல்லின் எல்ஜிஏ 1700 சாக்கெட்டில் 1,700 பின்கள், ஏஎம்5-இல் 1,718. ஒவ்வொன்றும் முடி மாதிரி. சட்டைக் கை பட்டால் போதும், பிராசசர் ஒரு நொடி கைநழுவி விழுந்தால் போதும், நாலைந்து படுத்துவிடும். அவற்றைக் காப்பதற்காகத்தான் சாக்கெட்டின் மேல் கறுப்பு பிளாஸ்டிக் மூடி ஒன்று வருகிறது. பிராசசரை வைத்ததும் நம்மவர்கள் முதலில் குப்பையில் போடுவது அதைத்தான். மூடி இல்லாமல் வந்தால் வாரண்டிக்கு எடுக்க மாட்டோம் என்று சில கம்பெனிகள் கையேட்டிலேயே அச்சடித்திருக்கின்றன. கையேட்டை யார் படிக்கிறார்கள்?

ஆகவே கடையை விட்டு இறங்குவதற்கு முன் செய்ய வேண்டியது இது. பெட்டியைக் கடைக்காரர் முன்னாலேயே அவரையே பிரிக்கச் சொல்லுங்கள். மூடியை அவரே எடுக்கட்டும். செல்போனில் வீடியோ ஓடட்டும். முதலில் பெட்டியின் மேலுள்ள சீரியல் நம்பர், அடுத்து போர்டில் ஒட்டியிருக்கும் சீரியல் நம்பர், பிறகு சாக்கெட். சாக்கெட்டை நேர் மேலிருந்து ஒன்று, சாய்த்து வெளிச்சம் படும்படி இரண்டு போட்டோ. பின் வரிசைகள் வயலில் நட்ட நாற்று மாதிரி ஒரே சீராகத் தெரிய வேண்டும். ஓரிடத்தில் மட்டும் பளபளப்பு மாறித் தெரிந்தால் அந்தப் போர்டு வேண்டாம். "கூட்டமா இருக்கு சார், வீட்ல போய்ப் பாத்துக்குங்க" என்பார்கள். நகராதீர்கள். ஆன்லைனில் வாங்கினால் பார்சலின் மேல் ஒட்டிய முகவரிச் சீட்டில் தொடங்கி, சாக்கெட் வரை வெட்டாத ஒரே வீடியோவாக எடுங்கள்.

அடுத்தது பில். வெள்ளைத் தாளில் 'எஸ்டிமேட்' என்று எழுதிக் கொடுத்து, "ஜிஎஸ்டி பில் வேணும்னா பதினெட்டு பர்சென்ட் கூட ஆகும்" என்று சொல்லும் பழக்கம் இன்னும் போகவில்லை. அந்தச் சில ஆயிரத்தை மிச்சம் பிடித்துவிட்டதாக மகிழ்கிறவர் மூன்று வருட வாரண்டியைத்தான் விட்டுக்கொடுக்கிறார். பில் தர மறுப்பதையே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 நியாயமற்ற வணிக நடவடிக்கை என்கிறது. குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள்ளும், அப்படி ஒரு காலமே சொல்லாவிட்டால் 30 நாளுக்குள்ளும் திரும்பப் பெற மறுப்பதும் அதே கணக்குதான். 'விற்ற பொருள் வாபஸ் இல்லை' என்ற ரப்பர் ஸ்டாம்பைப் பார்த்துப் பயந்து திரும்பி வருகிறவர்கள் இதை ஒருமுறை வாய்விட்டுப் படிக்க வேண்டும்.

பில்லில் போர்டின் முழு மாடல் பெயரும் சீரியல் நம்பரும் இருக்கட்டும். வெறுமனே 'மதர்போர்டு 1' என்று இருந்தால் கையாலாவது எழுதி, கடை முத்திரை வாங்கிவிடுங்கள். பெட்டியில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, எம்ஆர்பி, மாதம், ஆண்டு, புகார் தெரிவிக்கும் எண் எல்லாம் கொண்ட ஸ்டிக்கர் இருக்கிறதா பாருங்கள். இறக்குமதியான பொட்டலப் பொருளுக்கு அது கட்டாயம். அது இல்லாத போர்டு எந்த வழியாக வந்ததோ, அதற்கு இங்கே வாரண்டி பார்க்க ஆள் இருக்காது. தமிழ்நாட்டில் இதற்குப் புகார் கொடுக்கும் இடம் தொழிலாளர் துறையின் சட்டமுறை எடையளவுப் பிரிவு. தராசுக்கும் படிக்கல்லுக்கும் மட்டும் உள்ள அலுவலகம் என்று நினைத்து யாரும் அந்தப் பக்கம் போவதில்லை.

பொருத்தும் வேலையைப் பற்றி வீடியோக்கள் ஆயிரம் கிடக்கின்றன. நான் அடிக்கடி பார்க்கும் விபத்துகளை மட்டும் சொல்கிறேன். கேபினெட்டில் போர்டு உட்காரும் பித்தளைக் குமிழ்கள் போர்டின் ஓட்டைகளுக்கு நேரே மட்டும் இருக்க வேண்டும். தேவையில்லாத இடத்தில் ஒன்று நின்றால் போர்டின் முதுகில் குத்தி ஷார்ட் ஆகும். பிராசசருக்கான எட்டு பின் ஒயரும் கிராபிக்ஸ் கார்டுக்கான எட்டு பின் ஒயரும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஆனால் வேறு வேறு. பலம் கொடுத்துத் திணிக்க வேண்டியிருந்தால் அது தப்பான ஒயர். இரண்டு ரேம் என்றால் பெரும்பாலான நாலு ஸ்லாட் போர்டுகளில் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நாலாவது ஸ்லாட். கழற்றி மாட்டும் ஒயர் கொண்ட எஸ்எம்பிஎஸ் (கேபினெட்டுக்குள் மின்சாரம் கொடுக்கும் பெட்டி) வைத்திருப்பவர்கள் பழைய எஸ்எம்பிஎஸ் ஒயரைப் புதியதில் சொருகவே கூடாது. போர்டுப் பக்கத்து முனை ஒன்றுபோல இருக்கும். எஸ்எம்பிஎஸ் பக்கத்தில் எந்தக் காலில் எத்தனை வோல்ட் என்பது கம்பெனிக்குக் கம்பெனி, சில சமயம் மாடலுக்கு மாடல் மாறும். சொருகி சுவிட்சைப் போட்ட நொடியில் போர்டும் ஹார்டு டிஸ்க்கும் சேர்ந்து போகும். அதற்கு எந்த வாரண்டியும் இல்லை, எந்தக் கோர்ட்டும் உதவாது.

எர்த். இதைச் சொன்னால் யாரும் கேட்பதில்லை, ஆகவே இரண்டு தடவை சொல்வேன். கேபினெட்டைத் தொட்டால் 'சுருக்' என்கிறதா? எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே மின் இரைச்சலை வடிகட்டும் கப்பாசிட்டர்கள் உண்டு. எர்த் இல்லாத வீட்டில் அவை வழியாகக் கேபினெட்டின் மேல் மெயின்ஸில் ஏறக்குறையப் பாதி, நூறு வோல்ட்டுக்கு மேல் நிற்கும். கசிகிற கரண்ட் குறைவு என்பதால் சுருக் என்பதோடு விடுகிறது. ஒயரை மாட்டும்போது அதே கசிவு போர்டின் சிப்பைக் கொல்லலாம். பிளக்கின் மேல் காலை உடைத்து ரெண்டு பின் சாக்கெட்டில் சொருகுகிறவர்களை நான் இன்னும் பார்க்கிறேன். பத்தாயிரத்துக்கு போர்டு வாங்குகிறவர் எலெக்ட்ரீஷியனுக்குச் சில நூறு கொடுக்க யோசிக்கிறார். எர்த்தைச் சோதியுங்கள். பிறகு சிஸ்டத்தை வாங்குங்கள்.

போர்டிலேயே பதிந்திருக்கும் மென்பொருளான பயாஸ் விஷயத்திலும் ஓர் உரிமை தெரியாமலே போகிறது. இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்களில் வோல்டேஜ் அளவுக்கு மீறி ஏறி, நாளடைவில் பிராசசரே தேய்ந்து சிஸ்டம் அடிக்கடி நின்றுபோகும் கோளாறு வந்தது. ஐ5-13600கே, ஐ7-13700, ஐ9-13900, இவற்றின் 14-ஆம் தலைமுறை வாரிசுகள் ஆகியவை அந்தப் பட்டியலில் உண்டு. 2024 ஆகஸ்ட் தொடங்கி அதற்கான திருத்தம் பயாஸ் அப்டேட்டாகத்தான் வருகிறது. போர்டு கம்பெனியின் தளத்தில் இறக்கி நீங்களே போட்டால்தான் உண்டு. ஏற்கெனவே தேய்ந்த பிராசசரை அது மீட்காது. ஆனால் பெட்டியோடு வாங்கிய பிராசசருக்கு மூன்று வருட வாரண்டியை இன்டெல் ஐந்தாக நீட்டியிருக்கிறது. "மூணு வருஷம் முடிஞ்சுது சார், புதுசு வாங்குங்க" என்று கடைக்காரர் சொன்னதை நம்பி வாங்கிய இருவரை எனக்குத் தெரியும். அப்டேட்டை யுபிஎஸ் இல்லாமல் போடாதீர்கள். பாதியில் கரண்ட் போனால் போர்டு எழுந்திருக்காமல் போகலாம்.

இன்னொன்று, போர்டை மாற்றுவதற்கு முன். விண்டோஸ் 11 பல கம்ப்யூட்டர்களில் உங்களைக் கேட்காமலே டிஸ்க்கைப் பூட்டி வைத்திருக்கும். சாவியின் ஒரு பகுதி போர்டின் டிபிஎம் என்ற பாதுகாப்புப் பகுதியில். போர்டு மாறியதும் நீலத் திரை வந்து 48 இலக்க ரிக்கவரி கீ கேட்கும். அது உங்கள் மைக்ரோசாப்ட் கணக்கில் இருக்கும், ஆனால் அந்தக் கணக்கை யாரோ ஒரு பையனின் இமெயிலில் தொடங்கியிருப்பீர்கள். கீ இல்லையென்றால் பத்து வருடப் படங்களும் கணக்குகளும் போனவைதான். பழைய போர்டு உயிரோடு இருக்கும்போதே அந்த எண்ணைக் காகிதத்தில் எழுதி பீரோவில் வையுங்கள்.

சரி, இத்தனைக்குப் பிறகும் போர்டு வேலை செய்யவில்லை. சர்வீஸ் சென்டர் கவுன்டரில்தான் பாதி வழக்கு முடிவாகிறது. மூடியை மாட்டி எடுத்துப் போங்கள். ஊழியர் கையில் கொடுப்பதற்கு முன், அவர் முன்னாலேயே மூடியைத் திறந்து சாக்கெட்டைப் போட்டோ எடுங்கள். மறுபடியும் சொல்கிறேன்: கொடுப்பதற்கு முன். ஜாப் ஷீட்டில் சீரியல் நம்பரோடு 'சாக்கெட் பின்கள் சரியாக உள்ளன' என்று எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால், உங்கள் பிரதியில் நீங்களே எழுதி, கையெழுத்துப் போட்டு, அங்கே நிற்கும்போதே அந்தப் படத்தோடு கம்பெனிக்கு இமெயில் அனுப்புங்கள். பிறகு 'பிசிக்கல் டேமேஜ்' என்றால், எந்தப் பின், எந்தப் படம், எந்தத் தேதி என்று எழுத்தில் கேளுங்கள். வாய்வார்த்தையாக மறுப்பதை ஏற்காதீர்கள். ஆத்திரத்தில் செல்போன் ரிப்பேர் கடைக்குப் போய் ஊசியால் பின்னை நிமிர்த்தவும் வேண்டாம். நிமிர்த்திய பின் உங்கள் வழக்கை வளைத்துவிடும்.

எழுத்தில் மறுத்தார்களா? 1915-க்குக் கூப்பிடுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழில் பேசலாம். அவர்கள் தீர்ப்புச் சொல்பவர்கள் அல்ல, கம்பெனிக்குப் புகாரை அனுப்பிப் பதில் கேட்பவர்கள். சில கம்பெனிகள் இதற்கே இறங்கிவரும். சில, ஒரு வரிப் பதிலைப் போட்டுப் புகாரை மூடவைக்கும். மூடினாலும் அந்தப் பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, கடைக்கும் இறக்குமதியாளருக்கும் கம்பெனியின் இந்திய அலுவலகத்துக்கும் தனித்தனியாக நோட்டீஸ். வக்கீல் தேவையில்லை, ஒரு பக்கம் போதும்: என்று வாங்கினேன், சீரியல் நம்பர் என்ன, என்ன கோளாறு, யார் எப்போது மறுத்தார்கள், 15 நாளில் மாற்றித் தராவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். பதிவுத் தபால் 2025-இல் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டதால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, டெலிவரி ஆன அத்தாட்சியை எடுத்து வையுங்கள்.

பிறகு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணமே இல்லை. பில்லின் அடியில் 'சென்னை நீதிமன்ற எல்லைக்குட்பட்டது' என்று இருப்பதைப் பார்த்து மலைக்க வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் ஊரின் ஆணையத்திலேயே போடலாம் என்பது 2019 சட்டத்தின் 34-ஆவது பிரிவு. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தும் தாக்கல் செய்யலாம். மனு, உறுதிமொழிப் பத்திரம், பில், போட்டோக்கள், ஜாப் ஷீட், மறுப்புக் கடிதம், நோட்டீஸ் நகல், தபால் அத்தாட்சி, 1915 பதிவு எண். நேரில் கொடுத்தால் எதிர்தரப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதி கூடுதலாக. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். 'சார் பாத்துக்கலாம்' என்று கடைக்காரர் இழுத்தடிக்கும் மாதங்களும் அந்த இரண்டு வருடத்தில்தான் கழியும். ஆய்வுக்கூடச் சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதம், இல்லையென்றால் மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் வாய்தா மேல் வாய்தா. அதற்கும் தயாராகப் போங்கள்.

"நான் கடைக்கு வாங்கினேனே, நுகர்வோர் ஆவேனா?" என்று டிடிபி கடைக்காரர் கேட்டார். சொந்தப் பிழைப்புக்காகத் தானே உட்கார்ந்து தொழில் செய்கிறவர் நுகர்வோர்தான். சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. மனுவில் 'சுயதொழில் மூலம் பிழைப்புக்காக வாங்கினேன்' என்ற வரியை மட்டும் மறக்காமல் சேருங்கள்.

அவரிடம் பில் இருந்தது, ஜாப் ஷீட் இருந்தது. சாக்கெட்டின் போட்டோ ஒன்றுகூட இல்லை. மனுவை எழுதிக் கொடுத்தேன், ஆனால் ஜெயிக்கும் என்று சொல்லவில்லை.

உங்கள் வீட்டு மதர்போர்டுப் பெட்டி பரண்மேல் இருக்கும். இன்றைக்கே இறக்கி, அந்தக் கறுப்பு மூடி உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள்.