லோணார் ஏரியின் கருஞ்சேறு

கோடையில் கண்மாய் வற்றியதும் கரம்பை அள்ளி வயலுக்கு அடிப்பது சமயநல்லூர்ப் பக்கத்து உழவர்களுக்குப் பழகிய வேலை. இலைதழையும் பாசியும் மக்கிச் சேர்ந்த மண் அது. வெயிலில் வெடித்த கண்மாய்க்குள் காற்று புகுவதால் மக்கும் வேலையும் சீக்கிரம் நடந்துவிடுகிறது. அள்ளுவாரும் இல்லாமல், காற்றும் எட்டாமல் ஓர் ஏரியின் அடிச்சேறு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கிடந்தால்?

மகாராஷ்டிரத்தின் புல்தானா மாவட்டத்தில் உள்ள லோணார் ஏரி அப்படிப்பட்டது. எரிமலைப் பாறையில் விண்கல் மோதி உண்டான, சுமார் 1.8 கி.மீ. அகலப் பள்ளம். வந்த நீர் வெளியேற வடிகால் கிடையாது. நீர் ஆவியாகிப் போக, சோடியம் கார்பனேட் தங்கிவிடுகிறது. தண்ணீரின் பி.எச். அளவு 10-ஐ ஒட்டி நிற்கிறது, அவ்வளவு காரம்.

மீன் வாழ முடியாத இந்த நீரில் சுருள்பாசி பச்சைப்பசேலென்று செழிக்கிறது. அது செத்து அடியில் படிவதுதான் சேற்றுக்கு முக்கியமான இரை. அங்கே ஆக்சிஜன் இல்லை. அதனால் சில பாக்டீரியாக்கள் சல்பேட்டைக் கொண்டு சுவாசிக்கின்றன. சேற்றின் கருமையும் நாற்றமும் அவற்றின் வேலை. அவை தொடாமல் விடும் மெத்தில் அமீன், மெத்தனால் போன்றவற்றை மெத்தனோலோபஸ் என்ற நுண்ணுயிர் தின்று மீத்தேனாக்குகிறது. இது பாக்டீரியா அல்ல, ஆர்க்கியா என்னும் தனி இனம். 2020 ஜூனில் ஏரி இளஞ்சிவப்பானதற்கும் உப்பை விரும்பும் வேறு ஆர்க்கியாக்களே காரணம்.

எனக்குப் பெருவியப்பு, இந்த நுண்ணுயிர்கள் உயிர் தரிக்கும் விதம். பெரும்பாலான உயிரணுக்கள் தம் சவ்வுக்கு வெளியே ஹைட்ரஜன் அயனிகளைத் தேக்கி, மதகு திறந்ததுபோல் அவை உள்ளே பாயும் விசையில் ஆற்றல் பெறுகின்றன. பி.எச். 10 உள்ள நீரில் அந்த அயனிகள் நல்ல தண்ணீரில் இருப்பதில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். காரத்தில் வாழும் பாக்டீரியாக்கள் சோடியத்தை வெளியே தள்ளி ஹைட்ரஜனை உள்ளே இழுத்து, உடலுக்குள் காரம் ஏறாமல் காக்கின்றன. நீந்துவதற்குக்கூடப் பலவும் சோடியம் பாயும் விசையைத்தான் நம்பியிருக்கின்றன. எது அவற்றைக் கொல்லும் என்று நினைக்கிறோமோ, அந்த உப்பிலேயே பிழைக்கின்றன.

இத்தனை பேர் தின்றும் மிஞ்சிய உயிர்ப்பொருள் அடுக்கடுக்காகத் தங்கியிருக்கிறது. ஏறத்தாழ 10 மீட்டர் ஆழத்துக்குத் துளைத்து எடுத்த சேற்றில் 11,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட மழை வரலாறு பதிவாகியிருந்தது. நீர் சுண்டும்போது மட்டும் விளையும் கேலுசைட் என்ற படிகம் அதில் இரண்டு காலங்களில் தென்பட்டது: இன்றைக்கு 4,600 முதல் 3,900 ஆண்டுகளுக்கு முன்பும், 2,000 முதல் 600 ஆண்டுகளுக்கு முன்பும். பருவமழை நெடுங்காலம் நலிந்திருந்த காலங்கள் அவை.