நீளம் குறைக்கப்பட்ட பிக்கப் டிரக்கில் பின் சக்கர நேர்மையைச் சரிபார்த்தல்

பழைய பிக்கப் டிரக்கின் சேசிஸ் சட்டகத்தை வெட்டி, நீளத்தைக் குறைத்து, மீண்டும் பற்றவைத்த பிறகு, பின் அச்சு வண்டியின் மையக் கோட்டுக்குச் செங்குத்தாக இருக்கிறதா, பக்கவாட்டில் நடுவில் அமைந்திருக்கிறதா என்று அளந்து பார்ப்பது பின் சக்கர நேர்மைச் சோதனை எனப்படும். இதற்கு அளவு நாடா, தூக்குக்குண்டு, நூல், சுண்ணக்கட்டி ஆகியவை போதும். பயன்படும் கணிதம் உயர்நிலைப் பள்ளி வடிவியலே.

இரு பக்கமும் முன் சக்கரத்திற்கும் பின் சக்கரத்திற்கும் இடையே உள்ள தூரத்தை அளந்து, இரண்டும் சமமாக இருந்தால் வேலை முடிந்தது என்று பலர் எண்ணுவதுண்டு. இது போதாது. ஏன் போதாது என்பதையும், சரியாக அளக்கும் முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

நீளம் குறைப்பது ஏன்?

அமெரிக்காவில் பழைய பிக்கப் டிரக்குகளைப் புதுப்பிப்போர் பலர் இவ்வேலையைச் செய்கின்றனர். 1967 முதல் 1972 வரை வெளிவந்த செவ்ரலே சி10 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இது இரு நீளங்களில் கிடைத்தது. குட்டை வகையின் சரக்குப் பெட்டி ஆறரை அடி. வீல்பேஸ் எனப்படும் அச்சு இடைத்தூரம் 115 அங்குலம். நீள வகையின் பெட்டி 8 அடி; அச்சு இடைத்தூரம் 127 அங்குலம். தோற்றத்திற்காகக் குட்டை வகையையே பலரும் விரும்புவதால் அதன் விலை கூடுதல். ஆகவே நீள வண்டியை வாங்கிக் குட்டையாக்குகின்றனர்.

இதற்குப் பின் அச்சுக்கு முன்னால் சட்டகத்தில் 12 அங்குலம், அதாவது சுமார் 30.5 சென்டிமீட்டர் நீக்கப்படும். பெட்டியின் நீளக் குறைவுக்கு ஏற்ப அச்சுக்குப் பின்னாலும் ஒரு பகுதி நீக்கப்படும். பின்னால் வெட்டுவது சக்கரங்களின் போக்கைப் பாதிக்காது. முன்னால் வெட்டுவதுதான் பின் அச்சின் இடத்தையும் திசையையும் தீர்மானிக்கிறது.

உந்து கோணம்

சி10 வண்டியில் பின் சக்கரங்கள் இரண்டும் ஒரே திடமான அச்சில் இணைந்துள்ளன. அந்த அச்சு எந்தத் திசையை நோக்குகிறதோ, அந்தத் திசையில் வண்டியைத் தள்ளும். அந்தத் திசைக்கும் வண்டியின் மையக் கோட்டுக்கும் இடையே உள்ள கோணம் உந்து கோணம் ஆகும். வீல் அலைன்மென்ட் கடைகளில் இதைத் திரஸ்ட் ஆங்கிள் என்பர். இது சுழியமாக இருப்பதே இலக்கு.

உந்து கோணம் இருந்தால் வண்டி நண்டு போல் சற்றுப் பக்கவாட்டாகச் செல்லும். நேர்ச் சாலையிலும் ஸ்டியரிங் ஒரு பக்கம் திரும்பியே நிற்கும். ஈரச் சாலையில் திடீரென பிரேக் பிடிக்கும்போது பின்புறம் ஒரு பக்கம் இழுக்கும் வாய்ப்பு கூடும். இழப்பு டயர்த் தேய்மானத்தோடு நிற்பதில்லை. உயிரும் இதில் அடங்கியுள்ளது.

சிறு பிழை எவ்வாறு பெருகுகிறது?

சட்டகத்தின் இரு நெடுஞ்சட்டங்களுக்கும் இடையே 850 மில்லிமீட்டர் இடைவெளி என்றும், இரு பின் சக்கரங்களுக்கும் இடையே 1500 மில்லிமீட்டர் என்றும் கொள்வோம். வெட்டி இணைக்கும்போது ஒரு பக்கச் சட்டம் மற்றதைவிட 3 மில்லிமீட்டர் நீளமாகிவிட்டது.

3 ஐ 850 ஆல் வகுத்தால் கிடைக்கும் கோணம் சுமார் 0.2 பாகை. சக்கரங்கள் சட்டங்களைவிட வெளியே இருப்பதால், அங்கே வேறுபாடு 3 மில்லிமீட்டராக நிற்காது. 3 × 1500 ÷ 850, அதாவது சுமார் 5.3 மில்லிமீட்டராகும். ஸ்டியரிங் விகிதம் 20 என்றால், நேராகச் செல்லும்போதும் ஸ்டியரிங் வளையம் சுமார் 4 பாகை திரும்பியிருக்கும். பிழை 1 பாகையானால், 115 அங்குல வண்டியின் பின்புறம் முன்புறத்தைவிட ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் விலகி ஓடும். பின்னால் வருபவர் கண்ணுக்கே இது தெரியும்.

பக்க அளவுகள் ஏன் போதாது?

எதிர்ப் பக்கங்கள் சமமாக உள்ள நாற்கரம் செவ்வகமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அது சாய்ந்த இணைகரமாகவும் இருக்கலாம். மூலைவிட்டங்களும் சமமானால்தான் அது செவ்வகம். இந்தப் பள்ளித் தேற்றமே இங்கு அடிப்படை.

சட்டகத்தின் முன்பகுதியில் இரு புள்ளிகள், பின்பகுதியில் இரு புள்ளிகள் எடுத்துக்கொள்வோம். அகலம் 850, நீளம் 2000 மில்லிமீட்டர். பின்பகுதி 5 மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்து பற்றவைக்கப்பட்டுவிட்டது. பித்தகோரஸ் தேற்றப்படி இரு பக்கங்களும் 2000.006 மில்லிமீட்டர் ஆகும். எந்த நாடாவும் இந்த வேறுபாட்டைக் காட்டாது. ஆனால் மூலைவிட்டங்கள் ஒன்று 2175, மற்றொன்று 2171 மில்லிமீட்டர். 4 மில்லிமீட்டர் வேறுபாடு நாடாவில் தெளிவாகத் தெரியும்.

மூலைவிட்டங்களை மட்டும் அளப்பதும் போதாது. பின்பகுதி ஒரு பக்கம் நகர்ந்து, அதோடு சற்றுத் திரும்பியும் இருந்தால், ஒரு பிழை மற்றொன்றை மறைத்து மூலைவிட்டங்கள் சமமாகவே வரக்கூடும். அப்போது பக்க அளவுகள் வேறுபடும். எனவே இரண்டையும் அளக்க வேண்டும்.

முன் சக்கரத்தை அளவின் தொடக்கப் புள்ளியாகக் கொள்வதிலும் ஒரு சிக்கல் உண்டு. முன் சஸ்பென்ஷனைச் சரிசெய்யும்போது ஒரு பக்கச் சக்கரம் சிறிது முன்னோ பின்னோ நகரும். ஆகவே, வெட்டப்படாத முன் சட்டகத்தில் தொழிற்சாலையிலேயே இடப்பட்ட துளைகளை ஆதாரமாகக் கொள்வதே நம்பகமானது.

ஆயத்தம்

1. தரை சமமாக இருக்க வேண்டும். ரசமட்டம் வைத்துப் பார்க்கவும்.
2. நான்கு டயர்களிலும் காற்றழுத்தம் சரியாக இருக்க வேண்டும். ஒரே அச்சின் இரு டயர்களும் ஒரே அளவாக இருக்க வேண்டும்.
3. தேய்ந்த ரப்பர் புஷ்களையும் தளர்ந்த யூ போல்ட்டுகளையும் முதலில் சரிசெய்யவும். ஆடும் அச்சை அளப்பதில் பயனில்லை.
4. வண்டி தன் சக்கரங்களிலேயே நிற்க வேண்டும். சில அடி முன்னும் பின்னும் தள்ளி நிறுத்தினால் ஸ்பிரிங்குகள் இயல்பு நிலைக்கு வரும்.
5. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் செல்லக் கூடாது. உயர்த்த நேர்ந்தால் உறுதியான தாங்கிகள் வைத்த பிறகே செல்ல வேண்டும்.

முதல் படி: சட்டகம்

முன் சட்டகத்தில் இடமும் வலமும் ஒத்த துளைகள் இரண்டு இணை தேர்ந்தெடுக்கவும். ஒவ்வொன்றிலிருந்தும் தூக்குக்குண்டு விட்டுத் தரையில் குறியிடவும். ஒவ்வொரு இணையின் நடுப்புள்ளியையும் கண்டு, அவ்விரு புள்ளிகள் வழியே நூல் பிடித்துப் பின்புறம் வரை நீட்டிக் கோடு வரையவும். இதுவே வண்டியின் மையக் கோடு. வெட்டப்படாத பகுதியிலிருந்து மட்டுமே இக்கோட்டை எடுக்க வேண்டும். பின்பகுதிப் புள்ளிகளையும் சேர்த்தால், அங்குள்ள பிழையும் கோட்டுக்குள் புகுந்துவிடும்.

பிறகு பின் சட்டகத்திலும் ஒத்த துளைகளைக் குறித்து, பக்கங்களையும் மூலைவிட்டங்களையும் அளக்கவும். பின்பகுதித் துளைகளின் நடுப்புள்ளி மையக் கோட்டின் மேல் விழ வேண்டும்.

உயரத்தையும் மறக்கக் கூடாது. பின்பகுதியில் குறுக்காக ரசமட்டம் வைத்தால், முன்பகுதியில் காட்டும் அளவையே காட்ட வேண்டும். இல்லையேல் சட்டகம் முறுக்கிக்கொண்டுள்ளது என்று பொருள்.

இரண்டாம் படி: அச்சு

பின் பிரேக் டிரம்மின் பின்தகட்டில் இரு பக்கமும் ஒத்த இடத்திலிருந்து தூக்குக்குண்டு விட்டுத் தரையில் குறியிடவும். முதலில், இவ்விரு குறிகளும் மையக் கோட்டிலிருந்து சமதூரத்தில் உள்ளனவா என்று பார்க்கவும். சி10 வண்டியில் காயில் ஸ்பிரிங்கும், அச்சை முன்பின் பிடிக்கும் இரு நீளக் கைகளும், பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பானார்ட் தண்டும் உள்ளன. வண்டியின் உயரத்தைக் குறைத்திருந்தால், இத்தண்டு அச்சை ஒரு பக்கம் தள்ளியிருக்கும். அதை முதலில் சரிசெய்ய வேண்டும்.

அடுத்து, மையக் கோட்டின் முன்பகுதியில் ஒரு புள்ளியைக் குறித்து, அங்கிருந்து இரு அச்சுக் குறிகளுக்கும் அளக்கவும். இரு தூரங்களும் சமமானால் இருசமபக்க முக்கோணம் கிடைக்கும். அதன் உச்சியிலிருந்து அடிப்பக்க நடுப்புள்ளிக்கு வரையும் கோடு அடிப்பக்கத்துக்குச் செங்குத்து. அதாவது அச்சு மையக் கோட்டுக்குச் செங்குத்தாக உள்ளது. பக்கவாட்டு இடத்தை முன்னரே சரிபார்க்கச் சொன்னதன் காரணம் இதுதான். நடுப்புள்ளி விலகியிருந்தால் இந்த முக்கோணச் சோதனை ஏமாற்றிவிடும்.

மூன்றாம் படி: சக்கரங்கள்

வண்டியின் இரு பக்கமும் சக்கர மைய உயரத்தில் மையக் கோட்டுக்கு இணையாக நூல் கட்டவும். நூலைத் டயர்களில் ஒட்டிக் கட்டக் கூடாது. முன் சக்கர இடைவெளியும் பின் சக்கர இடைவெளியும் வேறுபடலாம். நூலிலிருந்து பின் சக்கர ரிம்மின் முன் விளிம்புக்கும் பின் விளிம்புக்கும் உள்ள தூரத்தை அளக்கவும். ரிம் சற்று வளைந்திருக்கக்கூடும் என்பதால், சக்கரம் அரைச் சுற்று சுற்றும்படி வண்டியைத் தள்ளி மீண்டும் அளந்து, சராசரி எடுக்கவும்.

எடுத்துக்காட்டாக, இடப் பக்கம் முன் விளிம்பு 152, பின் விளிம்பு 150. வலப் பக்கம் முன் விளிம்பு 148, பின் விளிம்பு 150 மில்லிமீட்டர் என்க. இரு சக்கரங்களும் 2 மில்லிமீட்டர் வலப்புறம் நோக்குகின்றன. அளவிட்ட இரு விளிம்புகளுக்கும் இடையே 400 மில்லிமீட்டர் என்றால், 2 ÷ 400, அதாவது சுமார் 0.29 பாகை உந்து கோணம். அச்சின் இடமுனை முன்னேயும் வலமுனை பின்னேயும் உள்ளன. நேராகச் செல்ல ஓட்டுநர் ஸ்டியரிங்கை வலப்புறம் திருப்பிப் பிடிக்க வேண்டியிருக்கும்.

இரு சக்கரங்களும் ஒரே திசையில் சம அளவு திரும்பியிருந்தால் அச்சு முழுதும் திரும்பியுள்ளது. இரண்டுமே உள்நோக்கியோ, இரண்டுமே வெளிநோக்கியோ இருந்தால் அச்சுக் குழாயே வளைந்துள்ளது. பின்னதைச் சட்டகத்தில் செய்யும் எந்தத் திருத்தமும் குணப்படுத்தாது.

திருத்தம்

திடமான பின் அச்சில் கோணத்தை மாற்றும் திருகு பொதுவாக இருப்பதில்லை. அதனால் சில இடங்களில் முன் சக்கரங்களை உந்து கோட்டுக்கு ஏற்பச் சரிசெய்து, ஸ்டியரிங்கை நடுவில் நிறுத்திக் கொடுப்பர். ஸ்டியரிங் நேராகும், வண்டி நண்டு நடையிலேயே செல்லும். இது நோயை மறைக்கும் மருந்து. பிழை சட்டகத்தில் இருந்தால் சட்டகத்திலும், அச்சைப் பிடிக்கும் கைகளில் இருந்தால் அவற்றின் பொருத்திடத்திலும் திருத்த வேண்டும்.

எல்லாவற்றிலும் எளிது, பிழை வராமல் தடுப்பதே. வெட்டுவதற்கு முன்பே, வெட்டும் இடத்திற்கு இரு புறமும் சென்டர் பஞ்சால் குறியிட்டு அளவுகளை எழுதிவைக்க வேண்டும். இணைத்தபின் முதலில் சிறு புள்ளிகளாக மட்டும் பற்றவைத்து எல்லா அளவுகளையும் எடுக்க வேண்டும். அந்நிலையில் தவறு இருந்தால் எளிதில் வெட்டி எடுத்துவிடலாம். முழுப் பற்றவைப்பை இடமும் வலமும் மாறி மாறிச் சிறிது சிறிதாகச் செய்ய வேண்டும். உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கிச் சட்டத்தை இழுக்கும். முழுதும் ஆறிய பிறகு மீண்டும் ஒருமுறை அளக்க வேண்டும். சட்டகப் பற்றவைப்பு சுமை தாங்கும் வேலை என்பதால், தேர்ந்த வெல்டரிடமே ஒப்படைக்க வேண்டும்.

இறுதியாக, போக்குவரத்து இல்லாத இடத்தில் தரையில் தண்ணீர் ஊற்றி, வண்டியை அதன் மேல் நேராக மெதுவாக ஓட்டவும். உலர்ந்த தரையில் பதியும் ஈரத் தடங்களில், பின் சக்கரத் தடம் முன் சக்கரத் தடத்துக்கு இரு பக்கமும் ஒரே அளவில் அமைந்திருந்தால், நாடா சொன்னதைச் சாலையும் உறுதிசெய்கிறது எனலாம்.

இந்திய வாசகர்கள் கவனத்திற்கு

இந்தியாவில் 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, வாகனத்தின் பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்த அளவுகளிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்துகிறது. எனவே சட்டகத்தை வெட்டும் வேலையை இங்கு விருப்பம்போல் செய்ய முடியாது. ஆயினும் விபத்தில் அடிபட்டுச் சீர்செய்யப்பட்ட வண்டியின் பின் அச்சைச் சரிபார்க்க இதே அளவீட்டு முறை பயன்படும்.