புதிய ஐபோன் 17 வாங்குவதா, பழைய கைப்பேசியையே தொடர்வதா? முடிவெடுக்க உதவும் கணக்கு

புதுதில்லி: ஆப்பிள் நிறுவனத்தின் ஐபோன் 17 வரிசைக் கைப்பேசிகள் 2025 செப்டம்பர் 19-ஆம் தேதி இந்தியாவில் விற்பனைக்கு வந்தன. பண்டிகைக் காலத் தள்ளுபடிகளும் எக்ஸ்சேஞ்ச் திட்டங்களும் உடன் சேர்ந்துகொள்ள, கையில் இருக்கும் கைப்பேசியை மாற்றுவதா, வைத்துக்கொள்வதா என்ற கேள்வி பல குடும்பங்களில் எழுந்துள்ளது. பழைய கைப்பேசிக்குப் பாதுகாப்பு மேம்படுத்தல்கள் இன்னும் எத்தனை காலம் கிடைக்கும், அதன் பேட்டரி எந்த நிலையில் உள்ளது என்ற இரண்டையும் பார்த்தாலே பெரும்பாலானோர் இதற்கு விடை காணலாம்.

மத்திய தில்லியின் கோல் மார்க்கெட் பகுதி இக்கேள்விக்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு. 1921-இல் கட்டப்பட்ட வட்டச் சந்தைக் கட்டடத்தைச் சுற்றி அமைந்த இப்பகுதியில் மத்திய அரசு ஊழியர்களின் குடியிருப்புகள் உள்ளன. அருகிலுள்ள மந்திர் மார்கில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி இயங்குவதால், தலைநகரத் தமிழர்களுக்கும் நன்கு அறிமுகமான இடம். இங்கிருந்து ஒரு திசையில் கன்னாட் பிளேஸ் கடைகள். மற்றொரு திசையில், கைப்பேசி விற்பனைக்கும் பழுதுபார்ப்புக்கும் பெயர்பெற்ற கரோல் பாக் கஃபார் மார்க்கெட். புதியதை வாங்கவும் பழையதைச் சீர்செய்யவும் வழி அருகிலேயே இருக்கிறது.

விலையும் வருமானமும்

இந்தியாவில் ஐபோன் 17-இன் தொடக்க விலை ரூ.82,900. ஐபோன் ஏர் ரூ.1,19,900, 17 புரோ ரூ.1,34,900, 17 புரோ மேக்ஸ் ரூ.1,49,900 எனத் தொடங்குகின்றன.

ஏழாவது ஊதியக் குழுவின்படி மத்திய அரசு ஊழியரின் குறைந்தபட்ச அடிப்படை ஊதியம் ரூ.18,000. ஆகவே, அறிமுகத்தின்போது வரிசையிலேயே விலை குறைந்ததாக இருந்த ஐபோன் 17 கூட அத்தகைய ஊழியரின் நான்கரை மாத அடிப்படை ஊதியத்தைத் தாண்டுகிறது. தீபாவளியை ஒட்டி குரூப் 'சி' ஊழியர்களுக்கும் அரசிதழ் பதிவு பெறாத குரூப் 'பி' ஊழியர்களுக்கும் வழங்கப்படும் 30 நாள் அட்-ஹாக் போனஸின் உச்சவரம்பு ரூ.6,908. பன்னிரண்டு ஆண்டுகளின் போனஸைச் சேர்த்தால்தான் ஒரு கைப்பேசியின் விலை கிடைக்கும்.

செப்டம்பர் 22-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த ஜிஎஸ்டி மாற்றத்தால் கைப்பேசி விலை குறையும் என்ற எதிர்பார்ப்பும் நிறைவேறவில்லை. குளிர்சாதனக் கருவிகளுக்கும் பெரிய தொலைக்காட்சிகளுக்கும் வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. கைப்பேசிகளோ 2020 ஏப்ரல் முதல் 18 சதவீத வரியிலேயே நீடிக்கின்றன. ரூ.82,900-இல் ஏறத்தாழ ரூ.12,650 வரியாகவே செல்கிறது.

'வட்டியில்லாத் தவணை' என்ற விளம்பரத்தையும் கவனத்துடன் படிக்க வேண்டும். வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்றும், வட்டி வேறு கட்டணங்களில் மறைக்கப்படுகிறது என்றும் இந்திய ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சுட்டிக்காட்டியது. இப்போதைய கடன் அட்டைத் திட்டங்களில் பொதுவாக வட்டிக்கு இணையான தொகை விலையில் முன்கூட்டியே கழிக்கப்பட்டு, பின்னர் தவணையில் வட்டியாக வசூலிக்கப்படுகிறது. அந்த வட்டியின்மீது 18 சதவீத ஜிஎஸ்டியை வாடிக்கையாளரே செலுத்துகிறார். வட்டி ரூ.6,000 எனில் வரி ரூ.1,080. செயலாக்கக் கட்டணம் இருந்தால் அது தனி.

பாதுகாப்பு மேம்படுத்தல் எதுவரை?

வங்கிக் கணக்கும் யுபிஐ பரிவர்த்தனையும் கைப்பேசியில் குடியேறிவிட்ட நிலையில், முதலில் பார்க்க வேண்டியது இயங்குதளத்தின் வயதையே. குறைபாடு ஒன்று கண்டறியப்படும்போது அதைச் சரிசெய்யும் மேம்படுத்தல் வராத கைப்பேசி, வெளிப்பார்வைக்கு நன்றாக இருந்தாலும் பணப் பரிவர்த்தனைக்கு ஏற்றதன்று.

2025 செப்டம்பரில் வெளியான ஐஓஎஸ் 26 இயங்குதளம், 2019-இல் வந்த ஐபோன் 11 மற்றும் அதற்குப் பிந்தைய கைப்பேசிகளில் இயங்கும். 2018-இன் எக்ஸ்ஆர், எக்ஸ்எஸ் ஆகியவை இப்பட்டியலிலிருந்து நீங்கிவிட்டன. பழைய இயங்குதளத்துக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் சில காலம் தொடரலாம் என்றாலும், அவற்றை வைத்திருப்போர் மாற்றத்துக்குத் திட்டமிடத் தொடங்குவது நல்லது.

ஆண்ட்ராய்டில் இக்காலம் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். 2023 அக்டோபரில் வெளியான கூகுள் பிக்சல் 8, 2024 ஜனவரியில் வெளியான சாம்சங் கேலக்ஸி எஸ்24 ஆகிய வரிசைகளுக்கு ஏழு ஆண்டு மேம்படுத்தல் அறிவிக்கப்பட்டுள்ளது. விலை குறைந்த பல கைப்பேசிகளுக்கு இக்காலம் குறைவு. அமைப்புகள் பகுதியில் 'கைப்பேசியைப் பற்றி' என்ற பிரிவில் கடைசிப் பாதுகாப்புத் திருத்தத்தின் தேதி இருக்கும். அது ஓராண்டுக்கும் முந்தையது எனில், மாற்றும் காலம் நெருங்கிவிட்டது என்றே கொள்ளலாம்.

பேட்டரியை மாற்றினால் போதுமா?

கைப்பேசி மெதுவாகிவிட்டது, மாலைக்குள் அணைந்துவிடுகிறது என்ற குறைகளுக்குப் பெரும்பாலும் காரணம் தேய்ந்த பேட்டரியே. உகந்த சூழலில், ஐபோன் 14 மற்றும் அதற்கு முந்தைய கைப்பேசிகளின் பேட்டரி 500 முழு மின்னேற்றச் சுற்றுகளுக்குப் பிறகும், ஐபோன் 15 முதலானவற்றின் பேட்டரி 1,000 சுற்றுகளுக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்ளளவைத் தக்கவைக்கும் என ஆப்பிள் கூறுகிறது. பேட்டரியின் நிலையை அமைப்புகள் பகுதியிலேயே காணலாம். 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கியிருந்தால் பேட்டரியை மாற்றுவதே முதல் தீர்வு. அதற்கான செலவு புதிய கைப்பேசியின் விலையில் சிறு பகுதியே.

பழுதுபார்ப்பு குறித்த விவரங்களை நிறுவனங்கள் வெளியிடுவதற்காக, நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24-இல் 'பழுதுபார்க்கும் உரிமை' இணையதளத்தைத் தொடங்கியது. விலை குறைவு என்று தரமற்ற பேட்டரியைப் பொருத்துவது பாதுகாப்பானதன்று.

புதியதில் என்ன கிடைக்கிறது?

ஐபோன் 17-இல் 6.3 அங்குலத் திரை, நொடிக்கு 120 முறை வரை புதுப்பிக்கப்படும் காட்சி, ஏ19 சில்லு, பின்புறத்தில் இரண்டு 48 மெகாபிக்சல் கேமராக்கள், முன்புறத்தில் 18 மெகாபிக்சல் கேமரா, 256 ஜிபி சேமிப்பு ஆகியவை உள்ளன. 2021-இன் ஐபோன் 13-இல் 6.1 அங்குலத் திரை, நொடிக்கு 60 முறை புதுப்பிப்பு, 12 மெகாபிக்சல் கேமராக்கள். வேறுபாடு உண்மையானதே. எனினும் தொலைபேசி அழைப்பு, வாட்ஸ்அப், யுபிஐ, ரயில் முன்பதிவு ஆகியவற்றுக்கு ஐபோன் 13 இன்றும் போதும். 5ஜி வசதியும் அதில் உண்டு. ஆப்பிளின் செயற்கை நுண்ணறிவு வசதிகள் மட்டும் 15 புரோ மற்றும் அதற்குப் பிந்தைய கைப்பேசிகளில்தான் கிடைக்கும்.

மூன்றாவது வழியும் ஒன்று உண்டு. புதியது வந்ததும் முந்தைய ஆண்டின் கைப்பேசி விலை குறையும். ரூ.79,900-க்கு அறிமுகமான ஐபோன் 16-இன் விலை, 2025 செப்டம்பரில் ரூ.69,900 ஆகக் குறைந்தது.

பழையதை வாங்குவோரும் விற்போரும்

பழைய கைப்பேசி வாங்குவோர், அது திருட்டுப் பொருளா என்பதை அறியாமல் பணம் கொடுக்கக் கூடாது. கோல் மார்க்கெட்டுக்கு அருகே அசோகா சாலையில் உள்ள சஞ்சார் பவனிலிருந்து இயங்கும் தொலைத்தொடர்புத் துறை, இதற்கென 'சஞ்சார் சாத்தி' தளத்தை 2023 மே மாதம் தொடங்கியது. கைப்பேசியில் *#06# என அழுத்தினால் 15 இலக்க ஐஎம்இஐ எண் தோன்றும். அந்த எண் முடக்கப்பட்டதா, போலியா, ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளதா என்பதை அத்தளத்தில் அறியலாம்.

விற்போர், தகவல்களை வேறிடத்தில் சேமித்து, வங்கி மற்றும் யுபிஐ செயலிகளைப் புதிய கைப்பேசிக்கு மாற்றியபின், கணக்குகளிலிருந்து வெளியேறி, கைப்பேசியைத் தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைக்க வேண்டும். பழுதடைந்ததைக் குப்பையில் வீசாமல் மின்னணுக் கழிவு சேகரிப்பு மையத்தில் ஒப்படைக்க வேண்டும்.

யார் மாற்றலாம்?

ஐபோன் எக்ஸ்ஆர், எக்ஸ்எஸ் அல்லது அவற்றுக்கு முந்தையவற்றை வைத்திருப்போரும், பாதுகாப்புத் திருத்தம் நின்றுபோன ஆண்ட்ராய்டு கைப்பேசி வைத்திருப்போரும் மாற்றலாம். ஐபோன் 11 வைத்திருப்போர், 5ஜி தேவையெனில் மாற்றலாம். ஐபோன் 12 முதல் 14 வரை வைத்திருப்போர் முதலில் பேட்டரியைச் சோதிப்பது நலம். ஐபோன் 15, 16 வைத்திருப்போருக்கு அவசரம் ஏதும் இல்லை.

வாங்குவது என முடிவெடுத்தபின், எத்தனை ஆண்டு பயன்படுத்தப் போகிறோம் என்பதே உண்மையான விலையைத் தீர்மானிக்கிறது. பழையதை விற்றுக் கிடைக்கும் தொகையைக் கணக்கில் கொள்ளாவிட்டால், ரூ.82,900 கைப்பேசியை இரண்டே ஆண்டில் மாற்றுவோருக்கு மாதச் செலவு ஏறத்தாழ ரூ.3,450. அதையே ஐந்து ஆண்டு வைத்திருப்போருக்கு மாதம் ரூ.1,380 மட்டுமே.